ஓட்டங்களுக்குப் பேர் போட்ட ஹென்றி சாட்விக்

2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆந் திகதி லாகூர் மைதானத்தில் இலங்கை அணியும் ஆப்கானிஸ்தான் அணியும் ஆசியக் கிண்ணத்துக்காக மோதிய ஆட்டத்தை மலையக வாசகர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கை 50 ஓவர்களில் 8 விக்கெட்டுகளை இழந்து 291 ஓட்டங்கள் எடுத்திருந்தது. ஆப்கானிஸ்தான் வெறுமனே வென்றாற் போதாது. 37 ஓவரும் ஒரு பந்தும் முடிவதற்குள் 292ஐ எட்டினால்தான் அது அடுத்த சுற்றுக்குப் போகும், இலங்கை வீடு திரும்பும். இதனால் நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவிலும், ஹற்றன் பஸ் நிலையத்திலும், லயத்துக் காம்பராக்களிலும் தொலைக்காட்சிக்கு முன்னே குந்தியிருந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்ததிற் பாதி நேரம் மனக்கணக்குப் போட்டார்கள். அந்தக் குறித்த பந்தில் ஓர் ஆப்கானிய வீரர் ஆட்டமிழந்தார். எண்ணிக்கை 289இல் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணிய கடைசி வீரர் அடுத்து வந்த பந்துகளைத் தடுத்தாடினார். உண்மையில் முடிந்திருக்கவில்லை. அடுத்த மூன்று பந்துகளுள் ஒன்று எல்லைக்கு மேலாகப் பறந்து எண்ணிக்கை 295 ஆகியிருந்தாலும், ஓட்ட வீதக் கணக்கின்படி அவர்களே முன்னேறியிருப்பார்கள். அந்தக் கணக்கு மைதானத்தில் நின்றவருக்குத் தெரியாமற் போயிற்று. இரண்டு ஓட்டங்களால் இலங்கை வென்றது.

துடுப்பும் பந்தும் தீர்க்காத ஒன்றைக் காகிதமும் பென்சிலும் தீர்த்து வைத்த ஆட்டம் அது. விளையாட்டை இவ்வாறு எண்களாக்கி, அந்த எண்களை ஆட்டம் பார்க்க வராதவன் கையிலும் கொடுத்து, நீயே நிறுத்துப் பார் என்று பொதுசனத்திடம் ஒப்படைத்த பெருமை யாருக்கு உரியது என்று தேடிப் போனால், அத்தேடல் நம்மைக் கிரிக்கெட்டின் எல்லையைக் கடந்து அதன் ஒன்றுவிட்ட சகோதரமாகிய பேஸ்போல் ஆட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அமெரிக்கர்களின் தேசிய ஆட்டமென்று சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்குத் தந்தையென்று போற்றப்பட்டவர் ஓர் ஆங்கிலேயர். கிரிக்கெட்டை எழுதிப் பிழைத்தவர். ஒரு பேர்பெற்ற அணியிலும் ஆடிப் புகழ் பெறாதவர். அவர் பெயர் ஹென்றி சாட்விக்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாகாணத்தில் எக்ஸிற்றர் என்னும் பழைய நகரத்தில் 1824ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி ஹென்றி பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் சாட்விக் பத்திரிகை ஆசிரியர். பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகளிற் பற்றுக்கொண்டவர். மூத்த தாரத்து மகன் எட்வின், ஹென்றியைவிட இருபத்து நான்கு வயது மூத்தவர். இந்த எட்வின் சாட்விக்கை ஆங்கிலேய சரித்திரம் படித்த மாணவர்கள் அறிவார்கள். ஏழைகளைக் கடுமையான வேலைவிடுதிகளில் அடைத்த 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை உருவாக்கியோருள் அவர் ஒருவர் என்பதால் வெறுக்கப்பட்டவர். உழைக்கும் மக்களின் சுகாதார நிலைபற்றி 1842இல் வெளியிட்ட அறிக்கையால் போற்றப்பட்டவர்.

அந்த அறிக்கையில் ஓர் அட்டவணை உண்டு. மான்செஸ்ரர் நகரத்திற் கனவான்களின் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 38. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் அது 17. கிராமப் பகுதியான றட்லண்டில் கனவான்களுக்கு 52, தொழிலாளருக்கு 38. நகரத்துச் சீமான் வாழும் ஆயுளைத்தான் நாட்டுப்புறத்துக் கூலிக்காரன் வாழ்கிறான் என்ற உண்மையை, சாக்கடையும் குடிநீரும் ஆளைக் கொல்கின்றன என்ற உண்மையை, ஆயிரம் பிரசங்கங்கள் சொல்ல முடியாத வண்ணம் அந்த நான்கு எண்கள் சொல்லிவிட்டன. அண்ணன் சாவை எண்ணினான், தம்பி ஓட்டத்தை எண்ணினான் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆயினும் இருவரையும் ஒரே ஆசை ஆட்டிவைத்தது என்பதே நமது எண்ணம்: கண்ணுக்கு முன்னால் நடப்பதை வரிசையும் நிரலுமாக எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியாதது அதிலிருந்து வெளிப்படும் என்ற ஆசை.

1837இல் ஜேம்ஸ் சாட்விக் தம் இளைய குடும்பத்துடன் கப்பலேறி அமெரிக்காவின் புரூக்ளினிற் குடியேறினார். ஹென்றிக்கு அப்போது பதின்மூன்று வயதும் நிரம்பவில்லை. எட்வின் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். புதிய நாட்டில் ஹென்றி பியானோவும் கிற்றாரும் கற்றார், கற்பித்தார், சில இசை உருப்படிகளையும் இயற்றினார். ஆயினும் தந்தையின் தொழிலே மகனை இழுத்தது. இருபது வயதை ஒட்டிப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். 1848இல் வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேன் பொட்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். அக்காலத்து நியூயோர்க்கில் கிரிக்கெட்டுக்கு நல்ல மதிப்பு இருந்தது; அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் கழகங்கள் அமைத்து ஆடினர். நம் மலைநாட்டில் துரைமார் டிக்கோயாவை அடுத்த தரவளையில் மைதானம் அமைத்து ஆடியதை ஒத்ததே அதுவும். அந்த ஆட்டங்களைப் பத்திரிகைக்கு எழுதுவதே சாட்விக்கின் வேலையாயிற்று.

1856ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை திரும்பியது. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹொபோக்கனில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், எலிசியன் வெளி என்னும் புல்தரையில் ஈகிள், கோதம் என்னும் இரு கழகங்கள் பேஸ்போல் ஆடுவதைக் கண்டு நின்றார். அவ்வாட்டம் அவருக்கு முற்றிலும் புதியதன்று. இளமையில் அதை ஆடிப்பார்த்ததும் உண்டு. அன்றுதான் அதன் வேகமும் விறுவிறுப்பும் அவர் மனத்திற் பதிந்தன. கிரிக்கெட் இரண்டு மூன்று நாள் இழுக்கும். அமெரிக்கனுக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டு மணி நேரத்தில் முடியும் இந்த ஆட்டமே இந்த நாட்டுக்கு உரிய ஆட்டமாக வளரப் போகிறது என்று அவர் அன்றே தீர்மானித்துக்கொண்டார்.

பேஸ்போலை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் முறை முடிந்து மற்ற அணி ஆட வரும். ஒன்பது முறைகள். ஓர் அணி மொத்தம் நான்கு ஐந்து ஓட்டங்கள் எடுத்தாலே பெரிது. ஆகவே ஒவ்வோர் ஓட்டமும் பொன். நம் நாட்டிலும் இன்று பாடசாலைகளிலும் படைப்பிரிவுகளிலும் இதை ஆடுகிறார்கள். ஜப்பானியர் உதவியுடன் கொழும்புக்கு அப்பால் தியகமவில் ஒரு மைதானமும் அமைந்திருக்கிறது. ஆனால் மலையகத்துத் தேயிலைச் சரிவில் இதற்கு வேண்டிய சமதரை எங்கே கிடைக்கப் போகிறது!

சாட்விக் செய்த முதற் காரியம் ஓர் அட்டவணை போட்டதுதான். கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டப் பட்டியல் அவருக்கு மனப்பாடம். அதைப் பேஸ்போலுக்குப் பொருத்தி, வீரர் பெயரை இடப்பக்கத்தில் வரிசையாக எழுதி, அவர் எடுத்த ஓட்டம், ஆட்டமிழந்த தடவை ஆகியவற்றை எதிரே நிரல்படுத்தி, கீழே முறைவாரியாக இரு அணிகளின் ஓட்டங்களையும் எழுதினார். அதற்கு முன்னரும் பத்திரிகைகளில் அரைகுறையான பட்டியல்கள் வந்ததுண்டு. அதை ஒழுங்கான, எவரும் வாசித்தறியக்கூடிய, நாளை வரும் பட்டியலோடு ஒப்பிடக்கூடிய வடிவமாக வளர்த்தவர் சாட்விக்கே. அடியெடுக்கத் தவறி மூன்று பந்துகளில் வெளியேறும் வீரனுக்குக் கே என்னும் ஆங்கில எழுத்தை இட்டதும் அவர் வழக்கமென்றே சொல்வர். ஸ்ட்ரக் என்ற ஆங்கிலச் சொல்லின் இறுதி எழுத்து அது. இன்றும் அமெரிக்க மைதானங்களில் இரசிகர்கள் அந்த எழுத்தை அட்டையிலே எழுதித் தொங்கவிடுகிறார்கள். அது யார் இட்ட குறி என்பதை அவர்களிற் பலர் அறியார்.

1860இல் பத்துச் சதம் விலையில் ஒரு சிறு கைந்நூலை அவர் வெளியிட்டார். பீடில் என்னும் பதிப்பகத்தார் அச்சிட்ட அந்நூல் விதிகளையும் ஆடும் முறையையும் சொன்னது. அடுத்த ஆண்டுப் பதிப்பில் முக்கியமான கழகங்களின் வீரர்கள் முந்திய பருவத்தில் ஆடிய ஆட்டங்கள், எடுத்த ஓட்டங்கள், இழந்த முறைகள் யாவும் தொகுக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் கைதட்டலில் மயங்காதே, ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார் என்று அந்தச் சிறு புத்தகம் இரசிகனுக்குச் சொல்லிக் கொடுத்தது. பின்னாளில் தோன்றிய கணக்கியல் எல்லாவற்றுக்கும் அதுவே வித்து.

விதிகளிலும் அவர் கை இருந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் ரோட்டில் ஆடும்போது ஒன் பிட்ச் கேட்ச் என்று ஒரு விதி வைத்துக்கொள்வார்கள். பந்து ஒரு முறை தரையிற் குத்தி எழும்போது பிடித்தாலும் ஆள் அவுட். ஆரம்பகாலப் பேஸ்போலிலும் வளர்ந்த ஆண்களுக்கு இதே விதி இருந்தது என்றால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ! இது சிறுபிள்ளை விளையாட்டு, ஆண்மையுள்ள ஆட்டத்துக்கு ஒவ்வாது என்று சாட்விக் ஆண்டுக்கணக்காக எழுதினார். கைவிரல்கள் உடையும் என்று அஞ்சியவர்கள் எதிர்த்தனர். அக்காலத்திற் கையுறை கிடையாது. 1864ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதி நீக்கப்பட்டது.

இனி, நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு விடயத்துக்கு வருவோம்.

தோட்டத்திற் பிறந்த எவருக்கும் பேர் என்ற சொல்லின் கனம் தெரியும். விடியற்காலைப் பிரட்டில் நின்று, மலையேறி, மழையில் நனைந்து கொழுந்தெடுத்தவளுக்குச் செக்ரோலிற் பேர் விழுந்தால் ஒரு நாட் சம்பளம். நிறுவை குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசில் கழித்தது போக மிஞ்சியதே கணக்கு. அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதைச் செக்ரோல் சொல்லாது. எந்த நிரல் கீறப்பட்டிருக்கிறதோ அந்த நிரலில் விழுந்ததை மட்டுமே அது சொல்லும். நிரலைக் கீறுகிறவன் கையில்தான் நீதி இருக்கிறது.

சாட்விக் பேஸ்போலின் கணக்கப்பிள்ளை. அவர் கீறிய நிரல்களில் ஒன்று தவறு என்பது. பந்தைப் பிடிக்க வேண்டியவன் பிடிக்காமல் விட்டால் அவன் கணக்கில் ஒரு தவறு விழும். அடித்தவனுக்கு அது புகழாகாது. ஒழுக்கத்தில் உறுதியுள்ள மனிதர் அவர். அடித்தவன் தன் திறமையாற் பெற்றதையும் எதிரியின் பிழையாற் பெற்றதையும் ஒன்றாக்கக் கூடாதென்று கருதினார். இந்தப் பாகுபாடு நன்றே. ஆனால் இதையே அவர் மற்றோரிடத்துக்கும் நீட்டினார். பந்து வீசுகிறவர் குறித்த எல்லைக்கு வெளியே பலமுறை வீசினால், அடிக்க வேண்டியவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஆபத்தான பந்தையும் ஆசை காட்டும் பந்தையும் விட்டுவிட்டுப் பொறுமையோடு நிற்பது ஒரு கலை. கிரிக்கெட்டில் வெளிப்பந்தைத் தொடாது விடும் தொடக்க ஆட்டக்காரனின் கலை அது. சாட்விக் அதைக் கலையென்று ஏற்கவில்லை. வீசியவனின் பிழையால் நடந்து போனவனுக்குப் பெருமை எதற்கு என்று கேட்டார். ஆகவே அந்த நடைக்குத் துடுப்பாட்ட வீரர் கணக்கிற் பேர் விழவில்லை.

இதோடு சேர்ந்தது சராசரி. ஆரம்பத்தில் ஆட்டம் ஒன்றுக்கு எத்தனை ஓட்டம், எத்தனை அடி என்றே கணித்து வந்தனர். வாஷிங்டனைச் சேர்ந்த ஓர் இரசிகர் 1870களின் தொடக்கத்தில் சாட்விக்குக்கு எழுதினார்: வரிசையில் முன்னே நிற்பவனுக்கு அதிக வாய்ப்பும் பின்னே நிற்பவனுக்குக் குறைந்த வாய்ப்பும் கிடைக்கின்றன, ஆகவே ஆட்டங்களால் வகுப்பது முறையன்று, துடுப்பெடுத்த தடவைகளால் வகுக்க வேண்டும் என்பது அவர் வாதம். சாட்விக் அதைத் தம் பத்திரிகையிற் பரப்பினார். அதுவே இன்று வரை நிலைக்கும் துடுப்பாட்டச் சராசரி. ஒரு வாசகனின் கடிதத்தைக் குப்பைக் கூடையில் எறியாத பத்திரிகாசிரியர் என்பதற்காகவேனும் சாட்விக்கை நாம் மெச்சத்தான் வேண்டும். ஆயினும் நடந்து போன தடவை அந்தச் சராசரியில் இடம்பெறாமலே போயிற்று. 1887ஆம் ஆண்டு ஒரே ஒரு பருவத்துக்கு அதையும் அடியாக எண்ணிப் பார்த்தார்கள். சென்ற் லூயிஸ் அணியின் ஓநீல் என்பவரது சராசரி .492க்கு ஏறிற்று. எல்லாருடைய எண்ணும் வீங்கிப் போனதைக் கண்டு அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டனர். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பொறுமைக்காரர்கள் அரைப்பேரிலேயே காலந்தள்ளினர். எத்தனை நல்ல வீரர்கள் குறைந்த சம்பளத்தோடு வெளியேறினார்கள் என்பதை யார் கண்டார்? தளத்தை எட்டிய வீதம் என்ற கணக்கு 1984இல்தான் அமெரிக்கப் பெரும் போட்டிகளில் அதிகாரபூர்வமான இடம் பெற்றது. 2002இல் பணவசதி குறைந்த ஓக்லண்ட் அணி, பிறர் மதிக்காத பொறுமைக்காரர்களைக் குறைந்த விலைக்கு எடுத்து 103 ஆட்டங்களை வென்றபோது, சாட்விக் கீறாமல் விட்ட நிரலின் விலை உலகத்துக்கு விளங்கிற்று.

சூதாட்டத்தின் மீது அவர் கொண்டிருந்த பகைமையைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. உள்நாட்டுப் போருக்குப் பின் பேஸ்போல் மைதானங்களில் பந்தயக்காரர்கள் வெளிப்படையாகவே கூட்டம் கூடினர். 1865இல் நியூயோர்க்கின் மியூச்சுவல் கழகத்து வீரர் சிலர் பணம் வாங்கித் தோற்றது அம்பலமாயிற்று. 1877இல் லூயிவில் அணியைச் சேர்ந்த நால்வர் ஆயுட்காலத் தடை பெற்றனர். சாட்விக் இக்கயமையை ஓயாது எழுதிச் சாடினார். அவருடைய எண்கள் இங்கே பொலிஸ்காரனாகவும் பயன்பட்டன. வழக்கமாகப் பிழை செய்யாதவன் ஒரே ஆட்டத்தில் நான்கு பிழை செய்தால், பட்டியலைப் படிக்கிற பையனுக்கும் சந்தேகம் வரும் அல்லவா?

அவர் குறையில்லாத மனிதரல்லர். எழுத்து நீண்டு வளரும், போதனை அதிகம், தாம் பிடித்ததே பிடி. பந்தை வேலிக்கு அப்பால் அடித்து நான்கு தளங்களையும் ஒரே மூச்சில் சுற்றும் ஆட்டத்தை அவர் விரும்பவில்லை. அது உடல்வலிமையை வீணாக்குவது, மூளையுள்ள ஆட்டக்காரன் தரையோடு தட்டி ஒவ்வொரு தளமாக நகர வேண்டும் என்பார். பேப் ரூத் என்னும் பேருருவம் தோன்றி அந்தக் கொள்கையைத் தவிடுபொடியாக்கியதைக் காண அவர் உயிரோடு இல்லை, அதுவும் நல்லதே. 1876இல் சில முதலாளிகள் மூடிய அறைக்குள் கூடித் தேசிய லீக்கை அமைத்தபோது, பத்திரிகையாளரையும் மற்றக் கழகங்களையும் புறக்கணித்த அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார். பின்னர் மனம் ஆறி, விளையாட்டுப் பொருள் வணிகர் ஸ்போல்டிங் வெளியிட்ட ஆண்டு மலருக்கு 1881 முதல் இறுதிவரை ஆசிரியராக இருந்தார். முதுமையில் அதே லீக் அவருக்கு ஆண்டுக்கு 600 டொலர் உபகாரச் சம்பளம் அளித்தது.

இன்றைய அமெரிக்க இரசிகன் தன் அணி இறுதிச் சுற்றுக்குப் போகுமா என்று எப்படி நிறுத்துப் பார்க்கிறான்? ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. நடுப்பருவத்தில் இரண்டு அணிகள் ஒரே அளவு வெற்றியோடு நிற்கின்றன என்று கொள்வோம். எது நல்ல அணி? வெற்றி தோல்வியை விட்டு, எடுத்த ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் அவன் கூட்டுகிறான். கன்சாஸ் மாநிலத்தில் அவரை விதைகளைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், 1970களின் பிற்பகுதியில் பழைய பட்டியல்களைத் தோண்டி எடுத்து ஒரு சூத்திரம் கண்டார். எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்தவற்றின் வர்க்கமும் கொடுத்தவற்றின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க, அந்த அணி வெல்லத் தகுந்த வீதம் கிடைக்கும். 800 ஓட்டம் எடுத்து 700 கொடுத்த அணிக்கு விடை .566, 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 92 வெற்றி. கணித ஆசிரியர் துணை வேண்டாதவர்களுக்கு இன்னும் எளிய வழியுண்டு: பாதி ஆட்டங்களாகிய 81இல் தொடங்கி, மிகுதியான பத்து ஓட்டத்துக்கு ஒரு வெற்றி என்று கூட்டிக்கொள். நூறு ஓட்டம் மிகுந்தால் 91. இரண்டு கணக்கும் அருகருகே வந்து நிற்பதைக் காண்க.

அதே அணி 98 ஆட்டங்களை வென்றிருந்தால் ஓர் ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் அதற்குச் சாதகமாய் விழுந்திருக்கின்றன, அந்த அதிர்ஷ்டம் நிலைக்காது என்று இரசிகன் அஞ்சுகிறான். 85தான் வென்றிருந்தால் நல்ல காலம் வருமென்று நம்புகிறான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரிக்கெட்டில் ஓட்ட வீத வித்தியாசம் சட்டம். சமபுள்ளி பெற்றவர்களுள் யார் உள்ளே, யார் வெளியே என்று அதுவே தீர்ப்புச் சொல்லும். அமெரிக்கப் பேஸ்போலில் ஓட்ட வித்தியாசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை; வெற்றிகளே எண்ணப்படும். ஓட்ட வித்தியாசம் அங்கே இரசிகனின் சொந்தத் தராசு. ஆனால் அந்தத் தராசில் வைப்பதற்கு ஒவ்வோர் ஆட்டத்தின் இரு பக்க ஓட்டங்களும் நூறாண்டுக்கு மேலாக நாள் தவறாமற் பதிந்து கிடக்க வேண்டுமே. அந்தப் பதிவுக்கு வழக்கம் உண்டாக்கியவர் சாட்விக். தாம் சில நிரல்களைப் பிழையாகக் கீறினாலும், பிற்காலத்தவன் அந்தப் பிழையைத் தம் ஏட்டிலிருந்தே கண்டுபிடிக்கும்படி மூலக் கணக்கை ஒளிக்காமல் விட்டுப் போனார். எல்லாக் கணக்கப்பிள்ளைகளையும் பற்றி இவ்வாறு சொல்ல முடியாது.

அவருடைய கடைசி வழக்கு ஆட்டத்தின் பிறப்பைப் பற்றியது. 1903ஆம் ஆண்டு மலரில், பேஸ்போல் என்பது இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆடும் றவுண்டர்ஸ் என்னும் ஆட்டத்திலிருந்து வளர்ந்ததே என்று எழுதினார். அவர் சிறுவயதில் எக்ஸிற்றரில் ஆடிய ஆட்டம் அது. அமெரிக்காவின் ஆட்டம் அமெரிக்க மண்ணிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று விரும்பிய ஸ்போல்டிங்குக்கு இது உறுத்திற்று. 1905இல் மில்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒரு முதியவரின் நினைவை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, 1839இல் கூப்பர்ஸ்ரவுன் என்ற சிற்றூரில் அப்னர் டபிள்டே என்னும் பின்னாளைய படைத் தளபதி இவ்வாட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று அக்குழு 1907ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுகட்டிற்று. அந்த ஆண்டில் டபிள்டே வெஸ்ட் பொயின்ற் படைக் கல்லூரியில் மாணவர். இத்தீர்ப்பு சாட்விக் ஆசிரியராயிருந்த 1908ஆம் ஆண்டு மலரிலேயே அச்சாயிற்று. தம் வீட்டில் தம்மையே பொய்யராக்கும் அக்கட்டுரையைக் கண்டு அவர் சினந்ததாகத் தெரியவில்லை. நண்பர்களுக்குள் நடந்த நல்ல வழக்காடல் என்று சிரித்துத் தள்ளினார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

அதே 1908ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், எண்பத்து மூன்று வயதில், உடல் நலமில்லாதபோதும் பருவத்தின் தொடக்க ஆட்டத்தைப் பார்க்கப் போனார். குளிர் பற்றியது, சளிக்காய்ச்சலாக முற்றியது. ஏப்ரில் 20ஆந் திகதி புரூக்ளினில் உயிர் நீத்தார். ஆடுகளங்களிற் கொடிகள் அரைக்கம்பத்திற் பறந்தன. கிரீன்வூட் மயானத்தில் உள்ள அவர் கல்லறையில் துடுப்பும் கையுறையும் முகக்கவசமும் வெண்கலத்தில் வார்த்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் தளங்களின் வடிவில் கற்கள் நாட்டப்பட்டிருக்கின்றன.

டபிள்டே கதையை நம்பியே பேஸ்போலின் புகழ் மண்டபத்தைக் கூப்பர்ஸ்ரவுனிற் கட்டினார்கள். 1938இல் ஹென்றி சாட்விக்கின் பெயரை அதிற் பொறித்தார்கள். டபிள்டே கதை இன்று வரலாற்றாசிரியர் எவராலும் ஏற்கப்படுவதில்லை. அவருடைய பெயர் அந்த மண்டபத்து வீரர் பட்டியலில் ஒருநாளும் ஏறவில்லை.